பட்டிக்காட்டான் வெட்டைப் பழகுவது எப்படி

பழைய ஐரோப்பிய வாள்சண்டை பழகும் குழுவுக்கு, பத்து கிலோ இரும்பைத் தூக்கச் சொல்வார்கள் என்று பயந்துகொண்டுதான் முதல் நாள் போனேன். கையில் கொடுத்த லாங்ஸ்வோர்டு, அதாவது இரண்டு கையாலும் பிடிக்கும் நீள வாள், ஒன்றரைக் கிலோகூட இல்லை. அந்தக் காலத்து அசல் வாள்களும் பெரும்பாலும் அந்த எடைதான். மறுநாள் எனக்குத் தோள் வலித்தது, வாளை இறுக்கிப் பிடித்த பாவத்துக்கு.

வாளைப் பிடிக்கத் தெரிந்ததும் நேராக ஃபியோரேயிடம் போங்கள். ஃபியோரே தேய் லிபெரி இத்தாலியின் ஃபிரியூலிப் பகுதிக்காரர். 1410 வாக்கில் ஃபெர்ராராவை ஆண்ட மூன்றாம் நிக்கோலோ தெஸ்தேவுக்குக் காணிக்கையாக அவர் எழுதிய சண்டை நூலுக்கு நான்கு கையெழுத்துப் பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரதியை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அதிலிருந்தே தொடங்குங்கள். விளக்கம் மற்றவற்றைவிட அதில்தான் தாராளம்.

பக்கத்தைத் திறந்ததும் கண் வாளுக்குத்தான் ஓடும். ஓட விடாதீர்கள். முதலில் படத்தில் இருப்பவரின் தலையைப் பாருங்கள், பிறகு முழங்காலை. தலையில் தங்கக் கிரீடம் இருந்தால் அவர் ஆசான். அவர் காட்டுவது ஒரு நிலையாகவோ ஒரு தடுப்பாகவோ இருக்கும். முழங்காலுக்குக் கீழே தங்கப் பட்டி கட்டியவர் அந்த ஆசானின் மாணவர், அதே தடுப்பை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகிறார். கிரீடம், பட்டி இரண்டும் இருந்தால் அந்த மாணவரை முறியடிக்க வந்தவர். இரண்டும் இல்லையா? அவர்தான் அடி வாங்குபவர். இது தெரியாமல் நான் இரண்டு வாரம் தப்பான ஆளைப் பார்த்துப் பழகினேன்.

நூலில் ஒரு மனித உருவத்தைச் சுற்றி நான்கு விலங்குகள் இருக்கும். லிங்க்ஸ் பூனை விவேகத்துக்கு, புலி வேகத்துக்கு, சிங்கம் துணிச்சலுக்கு, முதுகில் கோட்டை சுமக்கும் யானை பலத்துக்கு. தான் மண்டியிடுவதில்லை என்று அந்த யானை சொல்கிறது. கோயில் வாசலில் யானை மண்டியிட்டுப் பார்த்த நமக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் காலை உறுதியாக ஊன்றி நில் என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

இப்போது ‘கோல்ப்போ தி வில்லானோ’. நம் பேச்சில் சொன்னால் பட்டிக்காட்டான் வெட்டு. முறை தெரியாதவன் முழுப் பலத்தோடு மேலிருந்து ஓங்கி வெட்ட வருகிறான். (பெயர் வைத்ததில் பட்டணத்துக்காரரின் திமிர் தெரிகிறது, அதை விடுங்கள்.) அவனுக்காகக் காத்து நிற்க வேண்டும். கால்களை அதிகம் அகட்டாமல் இடது காலை முன்னால் வையுங்கள். வெட்டு கிளம்பியதும் இடது காலை இடப்பக்கமாகத் ‘தெருவை விட்டு’ எடுத்து வையுங்கள். இருவருக்கும் நடுவே ஓடும் கோட்டை ஃபியோரே தெரு என்றுதான் சொல்கிறார். அடுத்து வலது காலும் குறுக்காகக் கடந்து வெளியே போகட்டும். அவன் வெட்டை உங்கள் வாளின் நடுப்பகுதியில் வாங்குங்கள். வாங்கிய கையோடு விட்டுவிடுங்கள்.

எல்லோரும் தடுக்கி விழுவது அந்த விடுகிற இடத்தில்தான். தடுத்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் கை விறைத்துக்கொள்ளும், இரண்டு வாளும் மேலேயே சிக்கி நிற்கும். அப்படி நின்றுவிட்டால் பலம் உள்ளவன் பக்கம் காற்று வீசும். வாங்கிய கணத்தில் உங்கள் கால் நகர்ந்துகொண்டே இருந்தால், அவன் வாள் உங்கள் அலகின் மேல் ‘சர்ர்’ என்று வழுக்கித் தரைக்குப் போய்விடும். அந்தச் சத்தம் நீளமாக வந்தால் சரி. ‘டங்’ என்று ஒற்றைச் சத்தம் வந்தால் நீங்கள் இன்னும் தெருவில்தான் நிற்கிறீர்கள். அவன் வாள் கீழே போன பிறகு தலையிலோ கையிலோ மேல்வெட்டு, இல்லையென்றால் மார்பில் குத்து. அடுத்த படத்தில் அந்தக் குத்தைப் பார்க்கலாம்.

முதலில் வாளே இல்லாமல் கால்களை மட்டும் பழகுங்கள். நான் சமையலறைத் தரை ஓடுகளின் கோட்டையே தெருவாக வைத்துப் பழகினேன். பிறகு மரவாளோடு மெதுவாக. வேகம் கூட்டும்போது முகத்துக்கு மாஸ்க், தொண்டைக்குக் காப்பு, கைக்கு இந்த விளையாட்டுக்கென்றே செய்த கனமான கையுறை, மூன்றும் கட்டாயம். ‘மெதுவாகத்தானே’ என்று சைக்கிள் கையுறையோடு ஒருநாள் இறங்கினேன். இடது கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்து மறுபடி முளைக்க மாதக்கணக்கானது. ஃபியோரே தம்மேல் பொறாமை கொண்ட வாள் ஆசான்களோடு ஐந்து முறை கூர்வாளில் மோதியதாக முன்னுரையில் எழுதுகிறார். உடம்பில் பஞ்சுவைத்த சட்டை, கையில் மெல்லிய தோலுறை, அவ்வளவுதான். அவர் பிழைத்துவிட்டார் என்பதற்காக நாம் முயல வேண்டாம்.

கூடப் பழகுபவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: பட்டிக்காட்டானாக வருபவர் உண்மையிலேயே தலையைக் குறிவைத்து வெட்ட வேண்டும். பாவம் பார்த்து வாளைப் பாதியில் நிறுத்தினால் வழுக்குவதற்கு ஒன்றும் இருக்காது, உங்கள் வாள் காற்றில் நிற்கும். எங்கள் குழுவில் இதற்கு எப்போதும் முதலில் கை தூக்குபவர் பால்பண்ணை வைத்திருக்கும் ஒருவர். ‘இந்த வேஷத்துக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?’ என்பார். மனிதர் வெட்டினால் மாஸ்க்குக்குள் காது அடைக்கும்.