கிரேக்கப் பறவைக் கதைகளை வாலிலிருந்து பிடியுங்கள்

மனிதர்கள் பறவையாக மாறும் கிரேக்கக் கதைகளைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். இன்னாருடைய மகன் இன்னார், அவன் கட்டியது இன்னாருடைய மகளை, அவளுடைய அப்பன் இந்த ஊருக்கு ராஜா என்று நாலு வரிக்குள் பத்துப் பெயர் வந்துவிடும். கடைசியில் எல்லாரும் சிறகு முளைத்துப் பறந்துபோவார்கள், யார் எதுவாகப் போனார் என்பது மறுநாள் நினைவில் இருக்காது. எனக்கும் ரொம்ப நாள் இதே கதிதான். அப்புறம் ஒரு வழி பிடிபட்டது: கதையைப் பின்னாலிருந்து படிப்பது. முதலில் கடைசிப் பத்திக்குப் போய் எந்தப் பறவை என்று பாருங்கள். அது நிஜத்தில் எப்படிப் பறக்கிறது, எங்கே கூடு வைக்கிறது, எப்படிக் கத்துகிறது என்று தெரிந்துகொண்டு பிறகு முதல் வரிக்கு வாருங்கள். பறவையைப் பார்த்து யாரோ கேட்ட 'ஏன்'களுக்குச் சொன்ன பதில்கள்தான் இவற்றில் நிறைய.

பழகிக்கொள்ள நல்ல கதை கௌதாரி. தரையை ஒட்டியே திரியும். விரட்டினால் சடசடவென்று இறக்கையடித்துக் கொஞ்ச தூரம் தாழப் பறந்து மறுபடி புதருக்குள் இறங்கிவிடும். மரத்தின் உச்சியில் கூடு கட்டாது. ஏன்? ஏதென்ஸில் டேடலஸ் என்ற பெரிய கைவினைஞனிடம் அவனுடைய சகோதரி மகன் தொழில் பழகினான், 12 வயதுப் பையன். மீனின் நடுமுள்ளைப் பார்த்து இரும்புத் தகட்டில் பல் வெட்டி ரம்பம் செய்தான், வட்டம் போடும் கவராயமும் அவன் கண்டுபிடித்ததுதான். மாமனுக்குப் பொறுக்கவில்லை. அக்ரோபோலிஸ் குன்றின் மேலிருந்து பையனைத் தள்ளிவிட்டு, தவறி விழுந்துவிட்டான் என்று ஊரில் சொன்னான். அதீனா தேவி பாதி வழியிலேயே பையனைத் தாங்கி இறகு போர்த்திவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பறவைக்கு உயரம் என்றாலே பயம். கிரேக்கத்தில் பெர்டிக்ஸ் என்றால் கௌதாரி. ரோமானியக் கவிஞர் ஓவிட் பையனுக்கே அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்.

இன்னும் ஒன்று கவனியுங்கள். இதே டேடலஸ்தான் பின்னால் மெழுகு வைத்து இறக்கை கட்டி மகன் இக்காரஸைக் கடலில் பறிகொடுக்கிறான். மகனைப் புதைக்கும் இடத்தில், சேறு படிந்த ஒரு வாய்க்காலிலிருந்து கௌதாரி எட்டிப் பார்த்து, சிறகைத் தட்டிக் கூவிக் குதூகலிக்கிறது. ஓவிட் இந்தக் காட்சியை முதலில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பையனைத் தள்ளிவிட்ட பழைய கதையைச் சொல்கிறார். அதாவது அவரே வாலிலிருந்துதான் பிடிக்கிறார்.

சரி, எதைப் படிப்பது? மூன்று பேர் போதும். கி.பி. 8 வாக்கில் லத்தீனில் 15 பாகங்களாக உருமாற்றக் கதைகளைப் பாடிய ஓவிட் எல்லாருக்கும் தெரிந்தவர், சதையும் ரத்தமும் அவரிடம்தான். அப்போலோடோரஸ் பெயரில் வரும் தொகுப்பு வெறும் எலும்புக்கூடு, ஆனால் அவசரத்துக்கு அதுதான் உதவும். மூன்றாமவர் அந்தோனினஸ் லிபராலிஸ், கிரேக்க உரைநடையில் 41 சின்னக் கதைகள். அவருடைய நூல் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில் தப்பி வந்து இன்று ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருக்கிறது. நடை வறட்சிதான், ஆனால் வேறெங்கும் அகப்படாத பறவைகள் இவரிடம் கிடைக்கும். எலும்புக்கூட்டை முதலில் படித்துவிட்டு ஓவிடுக்குப் போனால் பெயர்க் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஒரே கதைக்கு ஒரே வடிவம் இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். மீன்கொத்தியின் கதையில் அப்போலோடோரஸ் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்: கேயிக்ஸும் அல்கியோனியும் திமிர் பிடித்த தம்பதி, ஒருவரையொருவர் ஜீயஸ், ஹீரா என்று (தேவர்களின் ராஜா, ராணி) கூப்பிட்டுக்கொண்டார்கள், ஜீயஸ் கோபத்தில் இருவரையும் பறவையாக்கிவிட்டார். ஓவிடிடம் போனால் அதே இருவர் பிரிய முடியாத காதலர்கள். கேயிக்ஸ் குறி கேட்கக் கடல் கடந்து போகிறான், புயலில் சாகிறான், செய்தி தெரியாத அல்கியோனி அவனுக்காக ஹீராவின் கோயிலில் வேண்டிக்கொண்டே இருக்கிறாள். செத்தவனுக்காக வேண்டுவதைப் பொறுக்காத தேவி, கனவின் வழியாகச் சேதி சொல்ல வைக்கிறாள். மறுநாள் காலை கரைக்கு ஒரு உடல் மிதந்து வருகிறது. அல்கியோனி அலைதடுப்புச் சுவரிலிருந்து தாவுகிறாள், விழவில்லை, பறக்கிறாள். கணவனின் குளிர்ந்த உதட்டில் கெட்டியான அலகால் முத்தமிடுகிறாள். அவன் முகம் உயர்ந்தது முத்தம் உறைத்ததாலா, அலை தூக்கியதாலா என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம். அவனுக்கு உறைத்தது என்கிறார் ஓவிட். முதல் வடிவத்தில் தண்டனையாக இருந்த சிறகு இரண்டாவதில் கருணையாகிவிடுகிறது. அதனால் நான் எப்போதும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறேன், 'இது தண்டனைக் கதை' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுவதையும் விட்டுவிட்டேன்.

இந்தக் கதையில் வாலைப் பிடித்தால் கொஞ்சம் வழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் சூரியன் திரும்பும் நாளுக்கு முன் 7, பின் 7 என்று 14 நாள் கடல் அடங்கியிருக்கும், அப்போதுதான் மீன்கொத்தி கூடு வைத்து முட்டையிடும் என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். அந்தக் கூடு அலைமேல் மிதக்கும் என்றும் கதை. காற்றுகளின் காவலன் தன் மகள் அல்கியோனிக்காகக் காற்றை அடைத்து வைக்கிறானாம். நிஜ மீன்கொத்தி கரை மண்ணில் வளை குடைந்து முட்டையிடும், அதுவும் வசந்தத்திலும் கோடையிலும். ஆகவே பறவையை இரண்டு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது: நிஜத்தில் எப்படி, அவர்கள் எப்படி நம்பினார்கள்.

எல்லாரும் தவறும் இடம் புரோக்னி, ஃபிலோமெலா கதை. (வன்புணர்வும் பிள்ளைக்கொலையும் வரும், சின்னவர்களுக்குச் சொல்கிற கதை இல்லை.) திரேஸ் நாட்டு அரசன் தெரியூஸ் மனைவியின் தங்கையைக் கெடுத்து, வெளியே சொல்லாதபடி நாக்கை அறுத்துவிடுகிறான். அவள் நடந்ததைத் துணியில் நெய்து அக்காவுக்கு அனுப்புகிறாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து அவனுடைய மகன் இட்டிஸைக் கொன்று சமைத்து அவனுக்கே பரிமாறுகிறார்கள். துரத்தும்போது மூவரும் பறவைகள். எந்தப் பெண் எந்தப் பறவை? கிரேக்கர்கள் சொன்னபடி, பிள்ளையைக் கொன்ற தாய் புரோக்னி, இரவில் பாடும் நைட்டிங்கேல் பறவை, இரவெல்லாம் இட்டிஸ், இட்டிஸ் என்று அழுகிறாள். நாக்கில்லாத ஃபிலோமெலா தகைவிலான் குருவி, அதற்குக் கீச்சுக்கீச்சென்று புரியாத குரல்தான். நச்சென்று பொருந்துகிறது. லத்தீன் எழுத்தாளர்கள் பலர் இதைத் தலைகீழாக்கி நாக்கில்லாதவளைப் பாடவைத்தார்கள், பிற்கால ஐரோப்பியக் கவிதை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. நான் முதல் தடவை நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொன்னபோது இரண்டையும் கலந்து சொல்லி, 'நாக்கு இல்லாமல் எப்படிப் பாடும்?' என்ற கேள்விக்கு முழித்தேன். எந்த மரபைச் சொல்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தெரியூஸ் மட்டும் பெரும்பாலும் கொண்டலாத்திதான்: தலையில் போர்வீரனின் கவசக் கொண்டை, வாள் போல நீண்ட அலகு. 'ஊப் ஊப்' என்று கூவும். கிரேக்கத்தில் 'பூ' என்றால் 'எங்கே', இன்னும் அந்தப் பெண்களைத் தேடுகிறானாம். கி.மு. 414இல் நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸ் இந்தக் கொடூரனையே ஏதென்ஸ் மேடையில் சிரிப்புப் பாத்திரமாக ஏற்றிவிட்டார்!

தமிழில் சொல்லும்போது ஒரு பொறி: நைட்டிங்கேலைக் குயில் ஆக்காதீர்கள். குயில் வந்தால் வசந்தமும் மாந்தோப்பும் கூடவே வந்துவிடும், பிள்ளையை இழந்த அழுகை போய்விடும். அன்னமும் அப்படித்தான், பாலையும் நீரையும் பிரிக்க ஆரம்பித்துவிடும். இன்னொன்று, ஜீயஸ் அன்னமாக வருவது போன்ற தெய்வ வேஷங்களை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வேஷம் கலையும், இவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

பறவை பார்க்கிறவர்கள் அறிவியல் பெயர்களையும் புரட்டலாம். மீன்கொத்திகளில் ஹால்சியோன் ஒரு பேரினம், கேயிக்ஸ் இன்னொன்று. நெட்டைக்காலிகளின் பேரினம் ஆந்தஸ். குதிரைகள் கடித்துக் கொன்ற பையனின் பெயர் அது. பறவையான பிறகும் குதிரையைக் கண்டால் கனைப்பது போலக் கத்திக்கொண்டு ஓடுமாம்.

மூன்று கதை இப்படிப் படித்தபின் அந்தோனினஸிடம் 16ஆம் கதைக்குப் போங்கள், இரண்டு நிமிட வாசிப்புதான். பிக்மி என்ற குள்ளர் இனத்தில் ஓய்னோயி என்ற அழகி ஹீராவை மதிக்கவில்லை. அவளுக்கு மோப்சஸ் என்று ஒரு மகன் பிறக்கிறான், ஊரார் சீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஹீரா அவள் கழுத்தை இழுத்து நீட்டி, பெரிய நாரையாக்கிவிடுகிறாள். ஹோமர் இலியட்டின் மூன்றாம் பாகத் தொடக்கத்தில் நாரைகளுக்கும் பிக்மிகளுக்கும் நடக்கும் சண்டையை ஒரு உவமையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சண்டை எதற்கு என்று இந்தக் கதை சொல்கிறது: மகனைப் பார்க்கும் ஏக்கத்தில் அவள் அந்த வீடுகளுக்கு மேலேயே சுற்றிச் சுற்றிப் பறக்கிறாள், கீழே சீர் கொண்டுவந்த அதே ஊரார் ஆயுதம் எடுத்து அவளை விரட்டுகிறார்கள்.