மூடியில் செங்கல் வைத்தால் போதாது: வீட்டு டேங்கில் ஆக்டோபஸ் வளர்ப்பவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

2016-இல் நியூஸிலாந்தின் நேப்பியர் நகரில் உள்ள தேசிய மீன் காட்சியகத்திலிருந்து இங்க்கி என்ற ஆக்டோபஸ் தப்பிப் போனது. பராமரிப்பு வேலை முடிந்த பிறகு தொட்டியின் மூடி லேசாகத் திறந்திருந்திருக்கிறது. இங்க்கி அதன் வழியே இறங்கி, தரையைக் கடந்து, 15 செ.மீ. அகல வடிகால் குழாய்க்குள் நுழைந்து கடலுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுக் குழாயின் மறுமுனையில் கடல் இருக்காது. வீட்டில் தப்பியது பெரும்பாலும் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும்.

இடுக்கை அளக்கும்போதே முதல் தவறு நடக்கிறது. பலர் ஆக்டோபஸின் தலையைப் பார்த்துவிட்டு, ‘இந்தச் சின்ன ஓட்டையில் எப்படி நுழையும்?’ என்று விட்டுவிடுகிறார்கள். அதற்கு எலும்பே கிடையாது. வாய்க்குள் இருக்கும் அலகுதான் வளையாத பகுதி. அது நுழையும் இடத்தில் மீதி உடம்பும் நுழைந்துவிடும். உங்கள் சுண்டுவிரல் போகும் இடைவெளி ஒரு குட்டிக்குத் தாராளமான வாசல்.

மூடிமேல் செங்கல்லோ தடித்த புத்தகமோ வைப்பது அடுத்த தவறு. ஒரு மூலையில் பாரம் இருந்தால் ஆக்டோபஸ் எதிர் மூலையைத் தூக்கிப் பார்க்கும். அக்ரிலிக் மூடி போட்டு, நான்கு பக்கமும் வெளியிலிருந்து மாட்டும் கொக்கி வையுங்கள். அப்புறம் வயர், குழாய் வெளியே வரும் வெட்டுகளைப் பாருங்கள். மூடியை ஒழுங்காகப் பூட்டிவிட்டு ஹீட்டர் வயருக்காக வெட்டிய மூலையை மறந்துவிடுவது சர்வசாதாரணம். அங்கே கரடுமுரடான ஸ்பாஞ்சை இறுக்கி அடைக்கலாம், அல்லது பிளாஸ்டிக் வலையைப் பொருத்தலாம். உலோக வலை உப்புநீரில் துருப்பிடிக்கும், வேண்டாம். சம்ப் (தொட்டிக்குக் கீழே தனியாக வைக்கும் வடிகட்டுத் தொட்டி) இருந்தால், தண்ணீர் அதற்குள் வழியும் ஓவர்ஃப்ளோ பற்களின் இடைவெளியும் ஒரு வழிதான். பொதுக் காட்சியகங்களில் தொட்டியின் மேல் விளிம்பைச் சுற்றிச் செயற்கைப் புல் ஒட்டி வைப்பதுண்டு. அந்தச் சொரசொரப்பில் உறிஞ்சிகள் பிடிக்காது.

இதைப் படித்துவிட்டு பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் காற்றே புகாமல் மூடிவிடாதீர்கள். ஆக்டோபஸுக்கு ஆக்சிஜன் நிறையத் தேவை. தாமிரம் கலந்த அதன் நீல ரத்தம் நம் ரத்தம் அளவுக்கு ஆக்சிஜனைச் சுமக்காது. மூடியில் நுண்வலை போட்ட காற்றுவழி வேண்டும். நீரின் மேற்பரப்பும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் கருவிகளையும் அது சும்மா விடாது. 2009-இல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா காட்சியகத்தில் ஒரு ஆக்டோபஸ் ராத்திரியில் வால்வை இழுத்துவிட்டு, சுமார் 750 லிட்டர் கடல்நீரைத் தரையில் ஓடவிட்டது. ஹீட்டரை சம்ப்பில் வையுங்கள். பம்ப் வாய்க்கு ஸ்பாஞ்ச் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆக்டோபஸின் கை உள்ளே போய்ச் சிதையும். மின் சாக்கெட் தொட்டிக்கு நேர் கீழே இருக்கவே கூடாது.

இவ்வளவு செய்தும் ஓயாமல் விளிம்பைத் துழாவிக்கொண்டே இருந்தால், பூட்டை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். என் கணிப்பில் தப்பும் முயற்சிகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. புதுத் தொட்டியில் உப்பைக் கரைத்து அடுத்த வாரமே ஆக்டோபஸை விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிலைத்து, மூன்று மாதமாவது ஓடிய தொட்டியாக இருக்க வேண்டும். பழைய தொட்டி மலிவாகக் கிடைத்தது என்றால் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: மீன்களுக்குத் தாமிர மருந்து போட்டதுண்டா? கல்லிலும் மணலிலும் தங்கிய தாமிரம் பின்னால் மெல்லக் கசியும். மீன் தாங்கும் அளவே ஆக்டோபஸுக்கு நஞ்சு. வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் கலிஃபோர்னிய இரட்டைப் புள்ளி ஆக்டோபஸுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வேண்டும், சுமார் 200 லிட்டர் தொட்டியும் வேண்டும். வெயில் ஊர்களில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்க முடியாதென்றால் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

ஒளிய இடமில்லாத மொட்டைத் தொட்டியும் அதை விரட்டும். ஒரு மண் சட்டி, பிவிசி குழாய்த் துண்டு, பெரிய சங்கு எதுவானாலும் சரி. விளக்கு மங்கலாக இருக்கட்டும். போரடித்தால் நண்டை மூடி போட்ட ஜாடிக்குள் வைத்துக் கொடுங்கள், திறந்து எடுத்துக்கொள்ளும். துணைக்கு மீன் விட்டால் அது சாப்பாடாகிவிடும். இன்னொரு ஆக்டோபஸை விட்டாலும் ஒன்றே மிஞ்சும். பயந்து மை கக்கினால் சிறிய தொட்டியில் அது செவுளை அடைத்துவிடலாம், உடனே தண்ணீர் மாற்றிக் கரி ஃபில்டர் போடுங்கள்.

இனம் தெரியாமல் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நீல வளைய ஆக்டோபஸின் கடியில் டெட்ரோடோடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, அதற்கு மாற்று மருந்து கிடையாது. இரட்டைப் புள்ளிக்கும் நீல வளையம் உண்டு, ஆனால் கண்ணுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றுதான். உடம்பு முழுக்க வளையம் தெரிந்தால் காசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

எப்படியும் ஒருநாள் வெளியே கிடக்கக் கண்டால், ஈரக் கையால் எடுத்து அதே தொட்டி நீரில் விடுங்கள். தூசி போகட்டும் என்று குழாய்த் தண்ணீரில் கழுவினால் மிச்ச உயிரும் போய்விடும்.

கடைசியாக, வயது. இரட்டைப் புள்ளி இனம் வாழ்வதே ஒன்றிரண்டு வருடம். ஆண் இணை சேர்ந்த பிறகும், பெண் முட்டைகளைக் காத்து முடித்த பிறகும் தளர்ந்துபோகும்: சாப்பிடாது, தோல் வெளுத்துப் புண் வரும், இலக்கில்லாமல் அலையும். 1977-இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் முட்டையிட்ட பெண் ஆக்டோபஸ்களின் கண்ணருகே உள்ள சுரப்பியை அகற்றியபோது அவை மறுபடி சாப்பிடத் தொடங்கி நீண்ட நாள் வாழ்ந்தன. அதாவது இந்தத் தளர்ச்சியை நடத்துவதே உடம்புதான். மருந்து ஊற்றுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ‘இத்தனை நாள் சாதுவாக இருந்ததே’ என்று கொக்கி மாட்டாமல் விடுவதும் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான், அது அதிகம் அலையும் சமயமும் இதுதான்.