வான்கோழி மீட்பால்: கோலிக்குண்டு ஆகாமல் செய்வது

முதல் தடவை நான் செய்த வான்கோழி மீட்பாலை, அதாவது கொத்துக்கறி உருண்டையை, என் மகன் தட்டில் சுண்டி விளையாடினான். அவனைக் குறை சொல்ல முடியாது; கோலிக்குண்டு மாதிரிதான் இருந்தது. டாக்டர் என்னைக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்த வாரம் அது. 99 சதவீதம் கொழுப்பில்லை என்று ஒட்டியிருந்த நெஞ்சுக்கறியைப் பார்த்து வாங்கி, மாட்டுக்கறிக்குப் பிசைவது போலவே பிசைந்து ஓவனில் வைத்துவிட்டேன். ஆனால் நியூ ஜெர்சியின் ஜனவரிக் குளிரில், தக்காளி சாஸில் ஊறிய மீட்பாலும் ஸ்பகெட்டியும்தான் எங்கள் வீட்டு ரசம் சாதம். அதை விட மனம் வரவில்லை.

இப்போது வாங்குவது 93 சதவீதம் கொழுப்பில்லாத வான்கோழிக் கொத்துக்கறி, ஒரு பவுண்டு. சதவீத எண்ணே போடாத பாக்கெட்டில் தோலும் சேர்த்து அரைத்திருக்கலாம், கவனியுங்கள்.

கொழுப்பு குறைந்த கறி சூட்டில் இறுகி, தன் தண்ணீரைத் தானே பிழிந்து வெளியே தள்ளிவிடும். அதற்குத்தான் பாலில் ஊறிய பிரெட். ஓரம் நீக்கிய 2 துண்டை கால் கப் பாலில் 5 நிமிடம் போட்டு, கூழாக மசியுங்கள். கோலா உருண்டை நினைப்பில் ஒருமுறை பொட்டுக்கடலை மாவு போட்டேன். இருந்த ஈரத்தையும் அது குடித்துவிட்டது.

ஒரு சின்ன வெங்காயத்தை, சாம்பார் வெங்காயம் இல்லை, பெரிய வெங்காயத்தில் சின்னதை, துருவிக்கொள்ளுங்கள். கண் எரியும், துருவல் கூழாகும், கிண்ணத்தடியில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், நமக்கு வேண்டியதே அதுதான். பிரெட் கூழில் அதையும், ஒரு முட்டை, நசுக்கிய 2 பல் பூண்டு, கால் கப் பார்மிசான் சீஸ், முக்கால் டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள், ஒன்றிரண்டாகப் பொடித்த ஒரு டீஸ்பூன் சோம்பு எல்லாவற்றையும் முதலில் கலந்துவிடுங்கள். சோம்பு நம் ஊர்க் குறும்பு இல்லை; அமெரிக்கக் கடைகளில் விற்கும் இத்தாலியன் சாசேஜின் வாசனையே அதுதான்.

கறி கடைசியில். சப்பாத்தி மாவு போல அழுத்தினால் ரப்பர்தான். தயிர் சாதத்தில் மாதுளை முத்து கலக்கிறோமே, அப்படி விரல்களை விரித்துக் கிளறி, கலந்ததும் கையை எடுத்துவிடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டும், பயப்பட வேண்டாம். ஃபிரிட்ஜில் 20 நிமிடம் வைத்து, கையில் எண்ணெய் தடவி, சின்ன எலுமிச்சை அளவில் உருட்டினால் பதினெட்டு வரை வரும்.

ஓவன் 400 டிகிரி ஃபாரன்ஹீட், 18 நிமிடம் போல. வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வான்கோழி நன்றாக வெந்த பிறகும் சில சமயம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். தெர்மாமீட்டரை நடுவில் குத்துங்கள். 165 காட்டினால் உடனே வெளியே எடுங்கள். "இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கட்டுமே" என்றால் மறுபடி கோலிக்குண்டு.

சாஸ் பெரிய வேலையில்லை. 2 டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெயில் 4 பல் பூண்டு வாசம் வந்ததும், 28 அவுன்ஸ் டின் தக்காளி, உப்பு, 15 நிமிடக் கொதி. உருண்டைகளைப் போட்டு மூடி, சிறு தீயில் இன்னும் 5 நிமிடம். மிஞ்சினால் சாஸோடு ஃப்ரீசரில் வைக்கலாம்.

எங்கள் வீட்டில் உருண்டை மிஞ்சுவதில்லை, சாஸ்தான் மிஞ்சும். மறுநாள் என் மனைவி அதில் கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டிச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடுகிறாள். அந்த எண்ணெய்க்கு நான் கணக்கு வைப்பதில்லை.