துறைமுகத்தை நீர்வண்ணத்தில் தீட்டுதல்: போல் சின்யாக்கிடம் கற்கும் முறை

எண்ணெய் வண்ணப் புள்ளி ஓவியங்களால் பெயர்பெற்ற பிரெஞ்சு ஓவியர் போல் சின்யாக் (1863–1935) தேர்ந்த பாய்மரப் படகோட்டியும் ஆவார். 1892இல் தென் பிரான்சின் கடற்கரை ஊரான சென் த்ரோபேக்கு வந்து சேர்ந்த காலத்திலிருந்து அவர் நீர்வண்ணத்தில் ஊன்றி ஈடுபட்டார். 1929இல் தொடங்கி, காஸ்தோன் லெவி என்ற புரவலரின் ஆதரவுடன், பிரான்சின் ஏறத்தாழ நூறு துறைமுகங்களை நேரில் சென்று தீட்டினார். அவருடைய கை மிக இயல்பாக ஓடுவது இந்த நீர்வண்ணங்களில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கோடு. சற்றே சொரசொரப்பான கனத்த தாளில், மென்மையான பென்சிலாலோ கருங்கரிக் குச்சியாலோ, விரைவாக வரையுங்கள். படகு எந்த நேரமும் புறப்பட்டுவிடலாம், ஓதம் வடிந்தால் அதன் சாய்வே மாறிவிடும். ஆகவே பாய்மரங்களையும் படகின் உடலையும் முதலில் பிடித்துக்கொண்டு, அசையாத கரைக்கட்டடங்களைப் பிறகு வரையலாம். உருவத்தைக் கோடு தாங்கிக்கொள்வதால், வண்ணம் எல்லைக்குள் அடங்கி நிற்க வேண்டியதில்லை. வளைந்தும் நெளிந்தும் அந்தக் கோட்டைத் தாண்டி அது செல்லலாம்.

அடுத்து வண்ணம், இங்குதான் பொறுமை வேண்டும். தட்டில் பல நிறங்களைக் குழைத்தால் அவை மங்கிவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் தூய்மையாகவே எடுத்து, நீலத்தருகே ஆரஞ்சு, ஊதாவருகே மஞ்சள் என எதிர்நிறங்களை அடுத்தடுத்து வையுங்கள். ஒரு தீற்றல் காய்வதற்குள் அதை ஒட்டி இன்னொன்றை வைத்தால் இரண்டும் கலந்து அழுக்காகும். அதனால் இடையில் மெல்லிய வெள்ளைச் சந்து விட்டு, காய்ந்தபின் தேவையான இடத்தில் மட்டும் நிரப்ப வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பிவிடும் ஆசைதான் பெரிய இடர், ஏனெனில் நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே ஒளி, இழந்த வெண்மையை முழுமையாக மீட்க முடியாது.

நீரைத் தீட்டும்போது கிடைவாக்கான குறுந்தீற்றல்களையே பயன்படுத்துங்கள். தொலைவில் நெருக்கமாகவும் நம்மை நோக்கி வர வர அகலமாகவும் அவை அமைந்தால் பரப்பு தட்டையாகக் கிடக்கும். நீரில் தெரியும் பாய்மரத்தின் பிம்பத்தை ஒரே கோடாக இழுக்காமல், அலை உடைத்தாற்போல் துண்டுதுண்டாக வைத்து, அத்துண்டுகளுக்கிடையே வானத்தின் நிறத்தை இட வேண்டும். வானத்துக்கு மேகத்தின் அடியில் ஓரிரு நீர்த்த தீற்றல்கள் போதும். மற்றதைத் தாளுக்கே விட்டுவிடுங்கள்.