மாதம் 500 ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்: நம் தெருவுக்கு என்ன செய்யலாம்?

ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றதும் நோட்டு, பேனா வாங்கிக் கொடுக்கத்தான் முதலில் தோன்றும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம், நோட்டு, பை, சீருடை எல்லாம் அரசே கொடுத்துவிடுகிறது. பல வீடுகளில் இல்லாதது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பத்தைப் படித்து நிரப்பித் தர ஓர் ஆள். தள்ளுவண்டிக்காரருக்கும் அதே குறைதான். கையில் பணம் அதிகம் இல்லாதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

படி 1: தெருவை ஒரு சுற்று வாருங்கள்

ஒரு நோட்டில் இரண்டு பட்டியல். யார் வீட்டில் ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளை இருக்கிறது? யார் என்ன வியாபாரம் செய்கிறார்கள்? கணக்கெடுக்க வந்தவர்போல் கேட்காதீர்கள். மாவு வாங்கப் போகும்போது, "அக்கா, பாப்பா எத்தனாவது படிக்குது?" என்றால் போதும்.

படி 2: எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பிடியுங்கள்

என்னைக் கேட்டால் உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். என்.எம்.எம்.எஸ். என்று ஒரு மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாவது படிப்பவர்கள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். நான்கு வருடத்துக்கு 48,000.

விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். அதனால் முதலில் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். பிறகு பழைய வினாத்தாள்களை ஜெராக்ஸ் எடுங்கள். உங்கள் 500 ரூபாயில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். தேர்வில் இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி. பாடத்தாளில் வருவது ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல்தான். மனத்திறன் தாளில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். எண் தொடர், விட்டுப்போன எழுத்து, ஒத்த உருவம் போன்ற கேள்விகளை வகுப்பில் அவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், திண்ணையோ மொட்டை மாடியோ, நாலு பிள்ளைகளை வைத்துப் பழக்குங்கள். நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. விடையைச் சொல்லாமல் காத்திருக்கும் பொறுமை இருந்தால் நடக்கும்.

படி 3: கடைக்காரருக்குப் பதிவு செய்து கொடுங்கள்

தையல் கடை, மாவுக்கடை, பட்டறை எதுவானாலும் உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்யலாம். 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. ஆதார் எண்ணும் அதோடு இணைந்த கைப்பேசியும் கையில் இருக்க வேண்டும். கட்டணம் ஒரு பைசாகூடக் கிடையாது. அதே பெயரில் பணம் கேட்கும் போலித் தளங்கள் உண்டு. முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே ஆதார் எண்ணைத் தட்டுங்கள். வங்கியில் தொழில் கடன் கேட்டுப் போகும்போது இந்தச் சான்றிதழ் உதவும்.

நகரத்தில் தெருவோரம் விற்பவர் என்றால் பி.எம். ஸ்வநிதி கடன் இருக்கிறது. பிணை கேட்க மாட்டார்கள். முதல் தவணை 15,000. அதை ஒழுங்காக அடைத்தால் 25,000, பிறகு 50,000. உள்ளாட்சி கொடுத்த விற்பனையாளர் அட்டை வேண்டும், இல்லாவிட்டால் பரிந்துரைக் கடிதம். அந்தக் கடிதத்துக்காக நகராட்சிக்கு அலைந்தால் ஒரு நாள் வியாபாரம் போய்விடுமே என்றுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். கூடப் போய் நில்லுங்கள்.

படி 4: ரொக்கமாகக் கொடுங்கள்

காய்க்கார அம்மாவிடம் கடன் சொல்லாதீர்கள். காலையில் வட்டிக்கு வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் 80 ரூபாய் நின்றுபோனால் மறுநாள் கூடையில் குறையும். பேரமும் வேண்டாம்.

படி 5: மீதிப் பணத்தைச் சேருங்கள்

1,000 ரூபாய் சேர்ந்ததும் கிளை நூலகத்தில் புரவலராக, அதாவது நன்கொடை தரும் உறுப்பினராகச் சேர்ந்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். போட்டித் தேர்வுப் புத்தகங்கள் வேண்டுமென்று நூலகரிடம் அன்றே சொல்லிவையுங்கள்.

படி 6: புதுப்பிக்கும் மாதத்தைக் காலண்டரில் குறியுங்கள்

தேர்வில் வென்ற பிள்ளை ஒவ்வொரு வருடமும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடம் மறந்தாலும் 12,000 ரூபாய் போய்விடும். பள்ளி திறந்ததும் அந்த வீட்டுக்குப் போய், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, கணக்கு முடங்காமல் இருக்கிறதா என்று பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள்.