அலியா, ராபின்சனா? நெல் எடை போட்டவன் சொல்லும் வழி

முகமது அலி, சுகர் ரே ராபின்சன் மாதிரி வெவ்வேறு காலத்து பாக்சிங் சாம்பியன்களில் யார் பெரியவர்? அதைக் கணக்குப் பார்க்க என் வழியைச் சொல்கிறேன். நான் பாக்சர் இல்லை. நீடாமங்கலம் பக்கத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பல சீசன் பட்டியல் எழுத்தராக இருந்தவன். பாக்சிங் பைத்தியம் பதினான்கு வயதில் பிடித்தது. ராயபுரத்தில் சித்தப்பா துறைமுக வேலையில் இருந்தார். 1980-ல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது என்னையும் கூட்டிப் போனார். முதல்வராக இருந்த எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். எங்கள் இடத்திலிருந்து எல்லோருமே கட்டைவிரல் உயரம்தான். ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் "அலியைப் பார்த்தேன்" என்று பீற்றிக்கொண்டேன். நான் பார்த்தது 38 வயதில் உடம்பு கனத்துப்போன அலியை என்று புரிய வெகுநாள் ஆயிற்று.

டீக்கடையில் என் எதிர் பெஞ்சுக்காரர் 1980-களின் சாம்பியன் மைக் டைசன் கட்சி. "டைசன் இருந்திருந்தா அலிய மூணே ரவுண்டுல முடிச்சிருப்பான்" என்பார். யார் யாரை அடித்திருப்பார் என்ற இந்தக் கேள்வியைத்தான் முதலில் தூக்கி வாய்க்காலில் போடவேண்டும். அமெரிக்காவில் 1969-லேயே கம்ப்யூட்டரிடம் இதைக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவையும் அலியையும் மேடையேற்றிப் பல முடிவுகளைப் படம் பிடித்து வைத்தார்கள். அமெரிக்கத் திரையில் மார்சியானோ 13-ஆம் ரவுண்டில் நாக் அவுட் செய்தார். படம் வெளிவரும் முன்பே அவர் விமான விபத்தில் இறந்திருந்தார். வேண்டிய முடிவை ஒட்டிக்கொள்ள முடியும் என்றால் அது என்ன கணக்கு?

சரி, செய்யவேண்டியது இது. ஒரு நீள நோட்டு எடுங்கள். ஒரு சாம்பியனுக்கு இரண்டு பக்கம். அவர் பெயரைத் தலையில் எழுதிவிட்டு அப்புறம் அவரை மறந்துவிடுங்கள். கீழே எழுதவேண்டியது எதிராளிகளை: பெயர், அன்றைக்கு அவர் வயது, எடை, எத்தனை ரவுண்டுப் போட்டி, அந்த ஆள் அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரை ஜெயித்தார். பத்துப் பெரிய சண்டைகள் போதும். ஒரு ஆளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

இதை நான் கொள்முதல் நிலையத்தில்தான் கற்றுக்கொண்டேன். விவசாயி நூறு மூட்டை கொண்டுவந்தால் நூறு மூட்டைக்கும் ரசீது போடமாட்டோம். தூற்றிப் பதரையும் அரைகுறையாக விளைந்த கருக்காயையும் கழிக்கவேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலிருந்தால் களத்தில் காயப்போடச் சொல்லுவோம். ஈர நெல் எடை நிற்கும், ஆனால் அரைத்தால் அவ்வளவு அரிசி வராது. சாம்பியன்களின் வெற்றிக் கணக்கும் அப்படித்தான். மார்சியானோவுக்கு 49-க்கு 49, மேவெதருக்கு 50-க்கு 50. மேவெதரின் ஐம்பதாவது யார்? 2017-ல் மெக்கிரெகர். அந்த மனிதருக்குத் தொழில்முறை பாக்சிங்கில் அதுதான் முதல் சண்டை. பதர். தூற்றினால் பறந்துவிடும்.

பதரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஈரம்தான் ஏமாற்றும். எதிராளியின் பெயர் பெரிதாக இருக்கும், ஆள் காய்ந்திருக்கமாட்டார், அதாவது வயதாகித் தளர்ந்திருப்பார். 1951-ல் மார்சியானோ முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸை வீழ்த்தினார். லூயிஸுக்கு அப்போது 37. 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அலியைப் பத்து ரவுண்டு அடித்தார், அதற்குமேல் அலியின் ஆட்கள் அனுப்பவில்லை. அலிக்கு 38. 1988 ஜனவரியில் டைசன் அதே ஹோம்ஸை நான்காம் ரவுண்டில் சாய்த்தார். அன்று ஹோம்ஸுக்கும் 38! இந்த மூன்று வெற்றிகளையும் நோட்டில் எழுதலாம், முழு மூட்டையாக எழுதக்கூடாது. டைசன் கட்சிக்காரருக்கு இந்த இடம் பிடிக்காது. டைசன் 20 வயதில் பட்டம் வாங்கியது உண்மை, மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் முடித்ததும் உண்மை. 1990-ல் டோக்கியோவில் டக்ளஸிடம் விழுந்தபிறகு அவர் பக்கத்தில் பெரிய பெயர் ஒன்றின் மீது வெற்றி காட்டுங்கள் என்றால் டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார்.

தோல்விக்கும் இதே கருவிதான். அலி மொத்தம் தோற்றது ஐந்து. அதில் மூன்று 36 வயதுக்கு மேல். சுகர் ரே ராபின்சனின் பக்கத்தில் 19 தோல்விகள் இருக்கின்றன, அதைப் பார்த்துப் பையன்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் 1940-ல் தொழிலுக்கு வந்தவர் 1951 ஜூலையில் லண்டனில் டர்பினிடம் தோற்கும்வரை சுமார் 130 சண்டைகளில் ஒரே ஒரு முறைதான் தோற்றிருந்தார், 1943-ல் ஜேக் லமோட்டாவிடம். மற்ற தோல்விகள் எல்லாம் அப்புறம் வந்தவை. மனிதர் 44 வயதுவரை ஆடினார். அறுவடைக்குப் பிறகு வயலில் நிற்கும் தாளை எண்ணி மகசூல் சொல்வார்களா?

1952-ல் ராபின்சன் ஒரு எடைப்பிரிவு மேலே போய் ஜோயி மேக்சிமின் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஆடினார். யாங்கி ஸ்டேடியத்தில் வெக்கை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய இரவு. முதலில் ரெஃப்ரி தளர்ந்துபோய் வேறு ரெஃப்ரி ஏறினார். பாயிண்டில் முன்னால் இருந்த ராபின்சனால் 14-ஆம் ரவுண்டுக்கு எழுந்திருக்க முடியவில்லை. நான் அதை வெயில் கணக்கில் எழுதியிருக்கிறேன். எதிர் பெஞ்சுக்காரர் ஒத்துக்கொள்வதில்லை. "மேக்சிம் மட்டும் என்ன நிழல்லயா நின்னான்?" நியாயமான கேள்விதான். பேனாவில் எழுதியதைப் பென்சிலுக்கு மாற்றிக்கொண்டேன்.

ரவுண்டு எண்ணிக்கையைப் பலரும் கவனிப்பதில்லை. இங்கேதான் காலங்கள் உண்மையில் முட்டிக்கொள்கின்றன. 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ அடிபட்டு இறந்தார். அதற்குப்பின் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12-க்கு இறங்கின. மூன்று ரவுண்டுதானே என்று நினைக்காதீர்கள். 1941-ல் பில்லி கானிடம் இரண்டு நடுவர்கள் கணக்கில் பின்தங்கியிருந்த ஜோ லூயிஸ் 13-ஆம் ரவுண்டில் அவரை வீழ்த்தினார். 1952-ல் வால்காட்டிடம் மூன்று கணக்கிலும் பின்தங்கியிருந்த மார்சியானோ பட்டம் வாங்கியதும் 13-ஆம் ரவுண்டில். 1981-ல் ஹெர்ன்ஸிடம் பின்தங்கியிருந்த சுகர் ரே லெனார்டு 14-ல் முடித்தார். இன்றைய விதிப்படி ஆடியிருந்தால் மூன்று பேருமே பாயிண்டில் தோற்றிருப்பார்கள்! மார்சியானோவின் 49 அன்றைக்கே உடைந்திருக்கும். மாற்றியும் யோசிக்கவேண்டும். பன்னிரண்டே ரவுண்டு என்று தெரிந்தால் அவர்கள் மூச்சை வேறு மாதிரி பங்கு போட்டிருப்பார்கள். 110 நாள் குறுவை நெல்லையும் ஐந்து மாதச் சம்பாவையும் ஒரே நாளில் வயலில் பார்த்துவிட்டு எது நல்ல பயிர் என்று கேட்கமுடியாது. அதனால் நோட்டில் ரவுண்டு எண்ணிக்கைக்குத் தனிக் கட்டம் அவசியம்.

பட்டங்களை எண்ணும்போது எங்கள் ஜில்லாவை நினைத்துக்கொள்வேன். 1990-ல் தஞ்சாவூர் கலெக்டர் ஒருவர் பார்த்த நிலத்தை இன்று தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று நான்கு கலெக்டர்கள் பார்க்கிறார்கள். நாற்காலி கூடியது, நிலம் கூடவில்லை. பாக்சிங்கில் ஒரு காலத்தில் எட்டே எடைப்பிரிவு. இன்று பதினேழு, ஒவ்வொன்றுக்கும் சாம்பியன் பெல்ட் கொடுக்க நான்கு பெரிய அமைப்புகள். 1938-ல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் எட்டில் மூன்று பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தார். பாக்கியாவோ பல வருடங்களில் பதினேழில் எட்டு பிரிவுகளில் ஜெயித்தார். இரண்டுமே மலைக்கவைப்பவை. எனக்கு ஆம்ஸ்ட்ராங் ஒரு பிடி கூடுதல்.

அடுத்து, பழைய படங்கள். தாத்தா நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைச் சுவாமி புறப்பாட்டில் நின்று கேட்டவர். எங்கள் வீட்டில் இருந்தது மூன்று சொச்சம் நிமிஷம் ஓடும் இசைத்தட்டு. "இதுல என்ன இருக்கு, இது தோடியோட விலாசம்" என்பார் தாத்தா. 1910-ல் ரீனோவில் ஜாக் ஜான்சன் ஜெஃப்ரீஸை வென்ற படமும் விலாசம்தான். கையால் சுற்றிய கேமராவில் எடுத்ததைப் பிற்காலத்து வேகத்தில் ஓட்டினால் பொம்மலாட்டம் மாதிரி துள்ளும். அதைப் பார்த்து "அந்தக் காலத்து ஆளுக்கு ஆடத் தெரியாது" என்று சொல்லிவிடுவோம். யூடியூபில் வேகத்தை 0.75-க்கு இறக்கிப் பாருங்கள். ஜான்சன் எதிராளியின் கையை எப்படிப் பிடித்து அமுக்குகிறார் என்பது அப்போதுதான் தெரியும். எல்லாப் பிரதியும் அப்படி இல்லை, சிலவற்றை ஏற்கனவே சரிசெய்திருப்பார்கள். ரெஃப்ரியின் நடையைப் பாருங்கள். அவர் மனிதனைப் போல் நடந்தால் வேகம் சரி.

படமே இல்லாதவர்கள்? ஹாரி கிரெப் சுமார் 300 சண்டை போட்டவர். அவர் சண்டையில் ஒரு நிமிஷம்கூட இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. பிற்பாடு ஹெவிவெயிட் சாம்பியன் ஆன ஜீன் டனி வாழ்நாளில் தோற்றது ஒரே ஒரு முறை, 1922-ல், தன்னைவிட எடை குறைந்த இந்த கிரெப்பிடம். அடிவாங்கியவன் சாட்சி போதும் எனக்கு.

ஆடாத வருடங்களுக்கு மார்க் போடாதீர்கள். 1967-ல் ராணுவத்தில் சேரமாட்டேன் என்றதால் பட்டத்தை இழந்த அலி மூன்றரை வருடம் மேடையேறவில்லை. 25 வயதிலிருந்து 28 வரை. மேட்டூர் திறக்காத வருடம் குறுவைப் பக்கத்தை வெறுமையாக விடுவோம், பூஜ்யம் போடமாட்டோம். அவர் அந்த முடிவால் சம்பாதித்த பெயரை இன்னொரு நோட்டில் எழுதுங்கள். அது பெரிய நோட்டு. ஆனால் அதிலிருந்து ஒரு குத்தைக்கூட இங்கே கொண்டுவரக்கூடாது.

இப்படிக் கழித்துப் போட்டுப் பார்த்ததில் என் நோட்டில் ராபின்சன் முதல், அலி இரண்டு, 25 முறை பட்டத்தைக் காத்த லூயிஸ் மூன்று. லூயிஸ் பக்கத்தில் கருக்காய் நிறைய, ஆனாலும் பன்னிரண்டு வருடம் ஒரே களத்தில் யார் நின்றார்கள்? அலி இரண்டாவது என்று எழுதிய அன்று சித்தப்பா உயிரோடு இல்லாதது ஒரு வகையில் நல்லது.

ஆடிக்கொண்டிருப்பவர்களை எழுதினால் பென்சில்தான். 2024-ல் ரியாத்தில் ஃபியூரியை வென்று நான்கு ஹெவிவெயிட் பெல்ட்டையும் சேர்த்த உசிக் பக்கம் என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஃபியூரிக்கு அன்று 35 என்று பக்கத்தில் சின்னதாகக் குறித்திருக்கிறேன். நெல் இன்னும் களத்தில் காய்கிறது.