எம்1 மேக்ல ரெண்டு ஹோம்ப்ரூ வச்சு நான் பட்ட பாடு

பழைய இன்டெல் சிப் மேக்ல இருந்து ஆப்பிளோட சொந்த சிப்பான எம்1 இருக்கற மேக்குக்கு மாறும்போது எல்லாத்தையும் அப்படியே காப்பி பண்ணிக்கிட்டேன், அதான் தப்பு. டூல்ஸ் எல்லாம் ஓடுச்சு, இன்டெல்க்கு எழுதின ப்ரோகிராம்கள எம்1ல ஓட வைக்கிற ரொசெட்டா 2 சத்தமில்லாம மொழிபெயர்த்து ஓட்டிக்கிட்டே இருந்ததால எனக்கு ஒன்னுமே தெரியல, கம்பைல் மட்டும் ஏன் இவ்ளோ நேரம் இழுக்குதுன்னு புலம்பிக்கிட்டு இருந்தேன். ஒருநாள் பைத்தான்ல நம்பைங்கிற கணக்கு லைப்ரரிய இம்போர்ட் பண்ணா எரர்: இருக்குறது எக்ஸ்86_64 (இன்டெல் வகை), வேணும்ங்கிறது ஆர்ம்64 (எம்1 வகை)னு.

டெர்மினல்ல சிப் வகைய காட்டுற 'யூநேம் -எம்' கமாண்ட அடிச்சேன், எக்ஸ்86_64னு வந்துச்சு. எம்1ல எப்படி? ஃபைண்டர்ல டெர்மினலோட 'கெட் இன்ஃபோ' பார்த்தா, எப்பவோ நானே 'ஓப்பன் யூசிங் ரொசெட்டா'ன்னு டிக் போட்டு மறந்திருக்கேன். டிக்க எடுத்துட்டு திறந்தேன், ஆர்ம்64.

அடுத்தது ஹோம்ப்ரூ, அதாவது மேக்ல டூல்ஸ் எல்லாம் இன்ஸ்டால் பண்ணித் தர்ற ப்ரோகிராம். இன்டெல் ஹோம்ப்ரூ இருக்கறது /யூஎஸ்ஆர்/லோக்கல்ல, எம்1க்கான நேட்டிவ் ஹோம்ப்ரூ போய் உக்கார்றது /ஆப்ட்/ஹோம்ப்ரூல, அதனால ரெண்டும் ஒரே மெஷின்ல சண்டை போடாம இருக்கும், ஆனா கமாண்ட எந்தெந்த ஃபோல்டர்ல வரிசையா தேடணும்னு சொல்ற 'பாத்' லிஸ்ட்ல யாரு முன்னாடி நிக்கிறாங்களோ அவங்க ராஜ்யம்தான். பழசுல 'ப்ரூ பண்டில் டம்ப்' போட்டு லிஸ்ட் எடுத்து, புதுசுல இன்ஸ்டால் பண்ணி, டெர்மினல் திறக்கும்போது படிக்கிற இசட்ப்ரொஃபைல் ஃபைல்ல புதுச முன்னாடி வச்சேன். பைத்தானோட வென்வ் (ப்ராஜெக்ட்டுக்குன்னு தனியா லைப்ரரி வைக்கிற ஃபோல்டர்) எல்லாத்தையும் அழிச்சு புதுசா போட்டேன், ஒட்டு போட்டா சரியா வராது.

பழசு மொத்தத்தையும் தூக்கல. இன்டெல்க்கு மட்டுமே வர்ற ஒரு பழைய டிரைவர் லைப்ரரி ஆபீஸ் வேலைக்கு வேணும், அதுக்கு மட்டும் இன்டெல் வகையா ஓட்டச் சொல்ற 'ஆர்ச் -எக்ஸ்86_64'ஐ கமாண்டுக்கு முன்னாடி சேர்த்து ஓட்டுறேன்.